பிரின்சஸ் கட்: 70 சென்ட் சதுரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

11 ஆகஸ்ட் 2024, இரவு 9.50

கேள்வியை முதலில் போட்டுவிடுகிறேன். பிரின்சஸ் கட் என்கிற சதுர வைரம் என்பதே எடையை வயிற்றில் ஒளித்து விற்கிற வேலைதானா?

மகளுக்குத் தை மாதம் நிச்சயம். மோதிரத்தில் ஒற்றைக் கல், அதுவும் சதுரம்தான் வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டில் வைரம் என்றால் அத்தையின் ஏழு கல் தோடு, அம்மாவின் மூக்குத்தி. எல்லாம் வட்டம், எல்லாம் பின்பக்கம் மூடிய க்ளோஸ் செட்டிங். சதுரக் கல் வாங்கிய ஆள் சொந்தத்தில் ஒருவரும் இல்லை.

இன்று கோவையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். காட்டிய மோதிரத்தில் 0.71 காரட், எச் நிறம் (நிறமே இல்லாத டியில் தொடங்கி இறங்கும் வரிசை), விஎஸ்2 தெளிவு (உள்ளே குறை மிகச் சின்னது), ஜிஐஏ என்கிற அமெரிக்க ஆய்வகத்தின் சான்று. கல்லுக்கு மட்டும் 2,15,000. ஆடிக்கு 20 சதவீதம் போக 1,72,000. சான்றில் அளவு 4.72 × 4.68 × 3.87 மி.மீ. நான் இருபத்தாறு வருடமாக ஒரு டூல்ரூமில் அளவு பார்க்கிறவன். விலையை விட்டுவிட்டு அந்த மூன்று எண்ணில்தான் கண் போய் நின்றது. 4.68 அகலத்துக்கு 3.87 ஆழம் என்றால் 82.7 சதவீதம். நல்ல வைரத்துக்கு ஆழம் 59 முதல் 62.5 வரை என்று படித்திருக்கிறேன். அந்தத் தட்டில் இருந்த சதுரக் கல் எல்லாவற்றின் சான்றையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றுகூட 70க்குக் கீழே இல்லை. விற்பனைப் பையன் மெதுவாக, "சார் இன்கம்டாக்ஸுங்களா?" என்றான்.

என் முடிவு: சதுரம் மொத்தமும் கோளாறு. தப்பா?

11 ஆகஸ்ட் 2024, இரவு 10.35

சான்றில் உள்ள அளவை வைத்து எடையைக் கணக்குப் போடுவது எப்படி என்று கேட்டவருக்கு: நீளம் × அகலம் × ஆழம் × 0.0083. மூன்றையும் மி.மீ.யில் போட்டால் விடை காரட்டில் வரும். அந்தக் கல்லுக்குப் போட்டேன், 0.709 வந்தது. விளிம்பு தடிப்பாக இருந்தால் கொஞ்சம் ஏறும். வட்டக் கல்லுக்கு விட்டம் × விட்டம் × ஆழம் × 0.0061.

காரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். "71 சென்ட் பார்த்திருக்கிறேன்" என்று தம்பியிடம் போனில் சொன்னேன். "எந்த ஊருங்கண்ணா, தண்ணி இருக்குதா?" என்கிறான்.

13 ஆகஸ்ட் 2024

ஞாயிறு எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், என்னைப் போல அரைகுறையாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

59–62.5 என்பது வட்டக் கல்லின் கணக்கு. அதைச் சதுரத்தின் மேல் வைத்து அளந்தது என் பிழை. ஷாஃப்ட் டாலரன்ஸை எடுத்து ஹவுசிங்குக்குப் போட்ட மாதிரி. பிரின்சஸ் கட்டுக்கு ஆழம் சுமார் 68 முதல் 75, மேல்தளமான டேபிளும் கிட்டத்தட்ட அதே அளவு, என்பதுதான் பொதுவாகச் சொல்லும் எல்லை. ஒரு சதவீதம் தாண்டினால் கல் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் 82.7 எந்தக் கணக்கிலும் அதிகம்தான். ஆக, தட்டு முழுக்கப் போட்ட குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன், அந்த ஒரு கல்லின் மேல் போட்டதை வாங்கவில்லை.

இன்னொன்று. கடையில் சான்றைக் காட்டி, "கட்டு எக்ஸலண்ட் சார்" என்றார்கள். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் எக்ஸலண்ட் என்பது பாலிஷுக்கும் சிமெட்ரிக்கும் போட்டது. வெட்டுக்கு என்று ஒரு வரியே அந்தச் சான்றில் இல்லை. ஜிஐஏ 2006இல் வெட்டுக்குத் தரம் போட ஆரம்பித்தது வட்டக் கல்லுக்குத்தான். பிரின்சஸ் என்ற பெயர்கூடச் சான்றில் இருக்காது, "ஸ்கொயர் மாடிஃபைடு பிரில்லியண்ட்" என்று இருக்கும். நிறம் தெரியும், தெளிவு தெரியும், எடை தெரியும். கல் மின்னுமா மின்னாதா என்பதை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம், தெளிவு, எடை, வெட்டு என்ற நாலில் முக்கியமான ஒன்றுக்குத் தேர்வே வைக்காத மார்க் ஷீட்.

13 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

தங்கத்தின் 22 காரட்டும் வைரத்தின் 1 காரட்டும் ஒன்றல்ல. முன்னது சுத்தம், பின்னது எடை. இதைக் கேட்டவர் வெட்கப்பட வேண்டாம், இதையே கேட்ட என் மனைவியின் அண்ணன் பி.காம்.

18 ஆகஸ்ட் 2024

நல்ல சேதி என்று நினைத்து ஒன்று போடுகிறேன். அமெரிக்காவில் ஏஜிஎஸ் ஆய்வகம் பிரின்சஸ் கட்டுக்கும் வெட்டுத் தரம் போடுகிறது, பூஜ்யம்தான் முதல் தரம். 2005இலிருந்து. இனி அந்தச் சான்று உள்ள கல்லைத்தான் கேட்கப்போகிறேன்.

19 ஆகஸ்ட் 2024

அந்த ஆய்வகம் 2022 கடைசியோடு மூடப்பட்டு ஜிஐஏவுடன் சேர்ந்துவிட்டது. "ஏஜிஎஸ் ஐடியல்" என்று ஜிஐஏ சான்றோடு தனியாக ஒரு இணைப்பு அறிக்கை கேட்டு வாங்கலாமாம். கோவையில் மூன்று கடையில் கேட்டேன். மூன்றிலும் டீ கொடுத்தார்கள்.

25 ஆகஸ்ட் 2024

மனைவியின் தாய்மாமா திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். இருபது வயதிலிருந்து செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். திருச்சியைச் சுற்றி வீட்டுக்கு வீடு அந்தச் சக்கரம் ஓடிய காலம் ஒன்று இருந்தது. அசல் வைரம் தீட்டியதில்லை என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். "ஆனா பட்டை பட்டைதான் மாப்ள."

நான் எண்களைக் காட்டினேன். அவர் சமையலறைக்குப் போய் ஒரு உருளைக்கிழங்கு எடுத்துவந்தார். எட்டு முகமாகச் சீவினார். இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டவைத்த மாதிரி. வைரத்தின் பச்சைக் கல், அதாவது இன்னும் பட்டை தீட்டாத கல், பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும் என்றார். நடுவில் ஒரு வெட்டு. இரண்டு பிரமிட். இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். "இந்தா, ரெண்டு பிரின்சஸ். அகலமான பக்கம் மேல, கூம்பு கீழ. எவ்வளவு வீணாச்சு?" ஒன்றுமே இல்லை, கொஞ்சம் தோல். பிறகு ஒரு பாதியை வட்டமாகச் சீவினார். நாலு மூலையும் மேஜையில் விழுந்தன. குருமாவுக்கு வைத்திருந்த கிழங்கு என்று வீட்டில் சத்தம்.

அதுதான் சதுரத்தின் விலை ரகசியம். வட்டம் வெட்டினால் பச்சைக் கல்லில் பாதிக்கு மேல் பொடியாகப் போகும். சதுரத்தில் அவ்வளவு சேதாரம் இல்லை. அதனால் அதே நிறம், அதே தெளிவு, அதே எடையில் பிரின்சஸ் வட்டத்தைவிட விலை குறைவாக இருக்க வேண்டும். வட்டத்தின் விலையைச் சொல்லி யாராவது சதுரம் விற்றால் எழுந்து வந்துவிடலாம்.

சேதாரம் குறைவு என்பதிலேயே ஆசையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வைரத்தின் காரட் ரேட் படிப்படியாக ஏறும்: 0.50, 0.70, 0.90, 1.00. 0.69 ஒரு ரேட், 0.70 வேறு ரேட். வெட்டுகிறவன் கையில் 0.67க்கு அழகாக வரக்கூடிய கல் இருந்தால், கூம்பைக் கொஞ்சம் தடிப்பாக விட்டு 0.71 ஆக்கிவிடுவான். அந்த நாலு சென்ட் கண்ணுக்குத் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். நான் பார்த்த 82.7 சதவீதத்தின் கதை அதுவாகத்தான் இருக்கும். மாமா, "கல்லுக்குத் தொப்பை" என்றார். இனி நானும் அப்படியே சொல்லப்போகிறேன்.

பெயரைப் பற்றிக் கேட்டவருக்கு: எந்த இளவரசிக்கும் இதில் பங்கில்லை. 1961இல் லண்டனில் அர்ப்பாட் நாகி என்பவர் உருவாக்கிய ப்ரொஃபைல் கட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டியது. இன்று நாம் பார்க்கும் சதுரம் அதற்குப் பின்னால், 1980ஐ ஒட்டி வந்து பெயரை எடுத்துக்கொண்டது. வியாபாரத்துக்கு இளவரசி நல்ல பெயர்தானே, ஸ்கொயர் மாடிஃபைடு பிரில்லியண்ட் என்று சொல்லி யாரிடம் நிச்சயத்துக்கு மோதிரம் நீட்டுவது.

1 செப்டம்பர் 2024

நான் ஒரு புது ரேட் கண்டுபிடித்திருக்கிறேன். காரட் ரேட் பார்க்காதீர்கள், சதுர மில்லிமீட்டர் ரேட் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது மேல்பரப்புதான், கிணற்றின் ஆழத்துக்கு எதற்குக் காசு?

மாமாவுக்குத் தெரிந்த ஒரு வைரத் தரகர் இரண்டு கல்லின் சான்றை அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஜி நிறம், விஎஸ்2.

கடைக் கல், முதல் கல்: 4.72 × 4.68, பரப்பு 22.09. விலை 1,72,000. சதுர மி.மீ. 7,786 ரூபாய்.

இரண்டாம் கல்: 0.68 காரட், 4.86 × 4.80 × 3.51. பரப்பு 23.33, ஆழம் 73.1. விலை 1,02,000. சதுர மி.மீ. 4,372 ரூபாய்.

மூன்றாம் கல்: 0.66 காரட், 5.10 × 5.05 × 3.09. பரப்பு 25.76, ஆழம் 61.2. விலை 78,000. சதுர மி.மீ. 3,029 ரூபாய்.

எடை குறையக் குறைய முகம் பெரிதாகிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். தொப்பை இல்லை. மூன்றாவதை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். 78,000க்கு 5.1 மி.மீ. முகம்.

1 செப்டம்பர் 2024, இரவு

ஒருவர் "61 சதவீதமா, பார்த்து" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

8 செப்டம்பர் 2024

மேலே இருப்பவர் சொன்னது சரி. என் சதுர மில்லிமீட்டர் ரேட்டை நானே கிழித்துப் போடுகிறேன்.

தரகர் இரண்டு கல்லையும் ஜாங்கட்டில் கொடுத்தார். பிடித்தால் எடு, இல்லாவிட்டால் திருப்பிக் கொடு என்று சீட்டெழுதித் தருவது. மாமா பெயரில் எழுதினார், எனக்குத் தரமாட்டாராம். மடித்த வெள்ளைக் காகிதம், உள்ளே நீலத் தாள், அதற்குள் கல். கொத்துமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்கா இவ்வளவு கணக்கு என்று ஒரு நொடி தோன்றியது.

கடையில் எல்லாக் கல்லும் ஆடும். கூரையில் நாற்பது ஸ்பாட் லைட் போட்டால் சோடாப் பாட்டில் மூடிகூட ஆடும். மாமா அதனால் காலை பத்து மணிக்கு மொட்டை மாடிக் கதவருகே, நேர் வெயில் படாத இடத்தில் உட்காரச் சொன்னார். இடுக்கியால் மூன்றாம் கல்லை எடுத்து மகளின் இரண்டு விரல் இடுக்கில் வைத்தார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, என் விரல் தெரியுது" என்றாள்.

நானும் பார்த்தேன். கல்லின் நடுவில் ஒரு கிண்ணம் அளவுக்கு வெறும் கண்ணாடி. அதன் வழியாக அவள் தோல், ரேகையோடு. ஓரத்தில் மட்டும் ஒளி சுற்றிக்கொண்டிருந்தது. தொப்பையே இல்லாததால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஒழுகிப் போய்விடுகிறது. எடையைப் பார்த்து ஏமாறாமல் இருக்கப் போய்ப் பரப்பைப் பார்த்து ஏமாற இருந்தேன். தரகர் ஏன் அதை 78,000க்குத் தள்ளினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாம் கல்லை வைத்தோம். விரல் தெரியவில்லை. கருப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய கட்டம், அசைத்தால் கட்டம் இடம் மாறுகிறது. பின்பக்கம் திருப்பி மாமா எண்ணிக் காட்டினார்: மூலையிலிருந்து நடுவுக்கு வி, வி என்று அடுக்கிப்போகும் பட்டைகள். இதில் இரண்டு. மூன்று நான்கு வைத்தும் வெட்டுவார்கள், அப்போது மினுக்கம் பொடிப் பொடியாக, ஐஸை உடைத்துக் கொட்டிய மாதிரி இருக்கும். எது உசத்தி என்றால் இரண்டும்தான். மகளுக்குப் பெரிய கட்டம் பிடித்தது.

ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். என் டிஜிட்டல் காலிபரைக் கொண்டுபோயிருந்தேன். சான்றில் உள்ள அளவு சரிதானா என்று பார்க்க, தாடைகளைக் கல்லின் பக்கவாட்டில் நெருக்கினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "மூலையில அழுத்தினே, பிளந்துக்கும்." வைரம் எதையும் கீறும், ஆனால் அதற்கு நாலு திசையில் பிளவுத் தளம் உண்டு, சரியான இடத்தில் சரியான தட்டு போதும். பிரின்சஸின் நாலு மூலையும் கூர். வட்டத்தில் இந்தப் பயம் குறைவு. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலிபர் தாடையில் நூல் போல ஒரு கோடு. கெட்டிப்படுத்திய எஃகில்.

9 செப்டம்பர் 2024

தெளிவுப் படத்தை ஏன் போடவில்லை என்று கேட்டவருக்கு: படமே இல்லை. இந்த அளவுக் கல்லுக்கு ஜிஐஏ பெரும்பாலும் கொடுப்பது டோசியர் என்கிற சின்னச் சான்று. குறை எங்கே இருக்கிறது என்று வரைந்த படம் அதில் வராது. "கிரிஸ்டல், ஃபெதர்" என்று பெயர் மட்டும். ஃபெதர் என்பது உள்ளே ஒரு சின்ன விரிசல். நடுவில் இருந்தால் விஎஸ்2இல் அது ஒரு பொருட்டே இல்லை. மூலையில் இருந்தால் விஎஸ்2 என்ற மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் வைத்து நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டாம் கல்லில் ஃபெதர் டேபிள் ஓரத்துக்குக் கீழே, மூலைக்கு வெகு தூரத்தில்.

மாமியார் லூப்பை வாங்கவே இல்லை. "காகபாதம் இருக்குதான்னு பாருங்க" என்றார். காக்கைக் கால் மாதிரிக் கீற்று இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். சிரிக்காதீர்கள். சிலப்பதிகாரத்து மதுரை ரத்தினக் கடைவீதியிலேயே வைரத்தின் குற்றம் நான்கு என்று வருகிறது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. ஏகை என்றால் கோடு, விந்து என்றால் புள்ளி. நாம் ஃபெதர், பின்பாயிண்ட் என்கிறோம். கல்லை மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு பார்க்க வேண்டும் என்றும் மாமியார் சொன்னார். ஜாங்கட் இரண்டு நாள்தான் என்று தப்பித்தோம்.

14 செப்டம்பர் 2024

முதல் கடைக்கு லூப்போடு மறுபடி போனேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அந்த 0.71ஐயும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாமா என்றதற்கு செக்யூரிட்டி கூடவே வந்தார். வெளியே வந்ததும் மூலைகளில் லேசான மஞ்சள். எச் நிறம் மோசமில்லை. வட்டத்தில் தெரியாதது சதுரத்தின் மூலையில் வந்து தேங்கும். ஒரு கீற்று மூலைப் பக்கம் போய், கல்லைப் பிடிக்கும் தங்க நகத்துக்கு அடியில் மறைகிறது. அதற்கு மேல் என்ன என்று பார்க்க வழியில்லை. நகத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆடி முடிந்தும் தள்ளுபடி அப்படியே இருந்தது. இப்போது அதற்குப் பெயர் ஓணம்.

திரும்ப எடுக்கும் விலையைக் கேட்டேன். மாற்றுக்கு நூறு சதவீதம், காசாக என்றால் எண்பது என்றார்கள். எதில் எண்பது, பில் விலையிலா, அன்றைய விலையிலா? அன்றைய விலை. அதை யார் சொல்வார்கள்? அவர்களே.

22 செப்டம்பர் 2024

"லேப் வைரம் வாங்கிட்டுப் போங்க, எதுக்கு இவ்வளவு பாடு" என்று நாலு பேர் எழுதியாகிவிட்டது. எனக்கும் கேட்கத் தோன்றியது. இதே அளவு, இதைவிட நல்ல நிறம், 18,000 சொன்னார்கள். ஆய்வகத்தில் வளர்த்தது என்றாலும் அதுவும் வைரம்தான், கண்ணாடி அல்ல. வெப்பம் பார்க்கும் சின்ன டெஸ்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கத்தும். இயற்கையா, சிவிடி, எச்பிஎச்டி என்கிற முறைகளில் வளர்த்ததா என்று ஆய்வகத்தில்தான் உறுதியாகப் பிரிக்க முடியும். 2023 பட்ஜெட்டில் அதற்கான விதைக் கல்லுக்கு இறக்குமதி வரியைக்கூட எடுத்துவிட்டார்கள். சூரத்தில் நிறையவே விளைகிறது.

வீட்டில் ஓட்டெடுப்பு. மனைவி: லேப், மிச்சக் காசுக்கு வளையல். மாமியார்: மண்ணிலிருந்து வந்ததுதான் வைரம். மகள்: எனக்கு எதுவானாலும் சரி, சதுரமாக இருக்கட்டும். நான் இயற்கைக்குப் போட்டேன். காரணம் கேட்காதீர்கள். ஆறு வாரமாகப் படித்ததெல்லாம் வீணாகிவிடுமே என்பதைத் தவிர உருப்படியான காரணம் என்னிடம் இல்லை.

இயற்கைக் கல்லின் விலையும் 2022 ஆரம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கவும்.

24 செப்டம்பர் 2024

ராப் என்று வைர வியாபாரிகள் சொல்லும் விலைப் பட்டியல் பற்றி. ராப்பபோர்ட் பட்டியல் 1978இலிருந்து வருகிறது. வாரா வாரம் டாலரில் ஒரு கேட்கும் விலை. வட்டத்துக்கு ஒரு பட்டியல், பேர் என்கிற பேரிக்காய் வடிவத்துக்கு ஒன்று. பிரின்சஸை அந்தப் பேர் பட்டியலிலிருந்து கழித்துக்கொண்டு பேசுவார்கள். "ராப்பிலிருந்து இவ்வளவு பேக்", அதாவது பட்டியல் விலையிலிருந்து இவ்வளவு தள்ளுபடி, என்று தரகர் சொன்னதும் எனக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி வாயில் எச்சில் ஊறியது. மூன்றாம் கல்லுக்கு எங்கள் கல்லைவிடக் கூடுதல் பேக். ஏன் என்று இப்போது தெரியும். பட்டியலில் வெட்டுக்கு ஏது கட்டம்? சுமாரான வெட்டு எல்லாம் தள்ளுபடியாகத்தான் வெளியே வரும். பேக் அதிகமானால் சந்தோஷப்படாதீர்கள், கல்லை விரலிடுக்கில் வைத்துப் பாருங்கள்.

27 அக்டோபர் 2024

இரண்டாம் கல்லை எடுத்தாகிவிட்டது. இப்போது கல் பதிக்கும் கதை.

ஆசாரி முதலில் காட்டிய மாடலில் நாலு பக்கத்தின் நடுவிலும் ஒரு நகம், மூலை நாலும் வெளியே. பார்க்க அழகு. மேஜையில் கை இடித்தால் முதல் அடி மூலைக்கு. மூலைக்கு மூலை வி மாதிரி மடித்த நகம்தான் வேண்டும் என்றேன். "அது ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க, ஆனா கல்லு கொஞ்சம் சின்னதாத் தெரியும்" என்றார். தெரியட்டும். பின்பக்கம் திறந்த ஓபன் செட்டிங்.

இரவு படுத்த பிறகு ஒன்று உறைத்தது. மூலையைக் காக்கிற அதே வி நகம் மூலையை மூடியும் விடுகிறது. கடை மோதிரத்தில் என்னைத் தடுத்ததும் அதுதானே. பதிக்கும்போது ஆசாரி கை தவறி ஒரு நுனி போனால் எனக்குத் தெரியவே வராது. காலையில் முதல் வேலையாகப் போய், பதிக்கும் முன் நாலு மூலையையும் லூப் வழியாகப் போனில் படம் எடுத்தேன். விளிம்பில் லேசரில் பொறித்த சான்று எண்ணையும் படித்து ஒப்பிட்டேன். பதிக்கும்போது பக்கத்தில் உட்காரவா என்றும் கேட்டேன். ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வேலை செய்யற எடத்துக்கு நான் வந்து உக்காரட்டுங்களா?" என்றார். டீ குடிக்கப் போய்விட்டேன்.

பழைய பிரின்சஸ் மோதிரம் கைமாற்றாக வாங்குகிறவர்கள் கவனிக்க: நகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

17 நவம்பர் 2024

பில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கல் 0.68, 1,02,000. காரட்டுக்கு சரியாக 1,50,000. 18 காரட் தங்கம் 3.2 கிராம், 5,900 வீதம் 18,880. கூலி 4,500. ஆக 1,25,380. மூன்று சதவீத ஜிஎஸ்டி 3,761. மொத்தம் 1,29,141.

இங்கேயும் ஒரு தப்பு செய்தேன். உதிரிக் கல்லுக்கு ஜிஎஸ்டி ஒன்றரை சதவீதம், நகைக்கு மூன்று. தரகர், ஆசாரி எல்லாம் சேர்ந்து நகையாக ஒரே பில் போட்டதால் கல்லின் மேல் 1,530 ரூபாய் கூட. கல்லைத் தனி பில்லில் வாங்கியிருக்க வேண்டும்.

மோதிரத்தின் உள்பக்கம் 750 முத்திரை, எச்யுஐடி என்கிற ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாளம். அது தங்கத்துக்கு மட்டும் சாட்சி. கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்வதில்லை. கடையில் "ஹால்மார்க் வைரம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

என் விலை நியாய விலையா? கடை விலையோடு வைத்தால் நியாயம். லேப் விலையோடு வைத்தால் பைத்தியக்காரத்தனம். மும்பையில் பிகேசி வைரச் சந்தையில் நேரே வாங்கத் தெரிந்த ஆளோடு வைத்தால் என்னவோ.

9 நவம்பர் 2025

ஒரு வருடம் கழித்து இந்தப் பக்கம் வருகிறேன், யாரோ தூசி தட்டியிருக்கிறார்கள்.

லேப் கல்லுக்கு ஜிஐஏ இந்த அக்டோபர் 1 முதல் பழையபடி நிறம், தெளிவு என்று எழுத்து போடுவதில்லை. பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டே வகை. அதனால் ஜிஐஏவின் புதுச் சான்றோடு வருகிற லேப் கல்லை "இ நிறம், விவிஎஸ்" என்று யாராவது விற்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

"கல் மங்கிவிட்டது, மாற்றிவிட்டார்களா?" என்று பயந்து எழுதியவருக்கு: மாற்றியிருக்க மாட்டார்கள். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் அவ்வளவு ஆசை, ஒட்டிக்கொள்ளும். என் மகளும் போன தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துவிட்டு இதே புலம்பல். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெந்நீர், பழைய டூத்பிரஷ். மேலே தேய்ப்பதைவிட அடியில், ஓபன் செட்டிங்கின் பின்பக்கம் தேய்க்க வேண்டும். சிங்க்கில் வேண்டாம், கிண்ணத்தில். நகம் ஆடுகிறதா என்று காதருகே வைத்து மோதிரத்தைத் தட்டிப் பார்க்கவும், சத்தம் வந்தால் ஆசாரியிடம் போகவும்.

காலிபர் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: காலிப்ரேஷனில் ரிஜெக்ட். என் சொந்தக் காசில் வாங்கியது. புதிதுக்கு 7,500 ஆயிற்று, மேலே உள்ள பில்லில் சேர்த்துக்கொள்ளவும்.